எங்க தெரு வெயிலுக்கு ஒரு திருகு

எங்க தெரு வெயிலுக்கு ஒரு திருகு இருந்துச்சு. அருப்புக்கோட்டையில தெற்குக் கிணத்துத் தெரு, அதுல சேர்மக்கனி அண்ணாச்சி வீடு, அந்த வீட்டு உள்ரூமுல கட்டில் தலைமாட்டுச் சுவத்துல பதிச்ச ஒரு வெள்ளைப் பெட்டி, அது நடுவுல வட்டமா ஒரு திருகு. இடப்பக்கம் திருகினா தெருவுல வெயில் எறங்கும், வலப்பக்கம் திருகினா ஏறும். கேக்குற வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும், அவுங்களுக்கு நான் ஒண்ணும் நிரூபிக்க வேண்டியதில்ல. நான் முத்துப்பேச்சி, அப்பளமும் வடகமும் மோர் மிளகாயும் போட்டு விக்கிறவ, வெயில நம்பிப் பொழைக்கிறவ. அது எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னு என்னையவிட இந்தத் தெருவுல எவளுக்கும் தெரியாது.

அந்தப் பெட்டிக்கு டிம்மர்னு பேரு. பல்பு வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கிறதுக்கு வாங்குறது. அண்ணாச்சி மக மேகலாவுக்குப் பொறந்ததுல இருந்தே வெயில் ஆகாது. பட்ட எடம் கொப்புளிக்கும், தோல் உரியும், கண்ணு ரத்தமாச் செவக்கும். மதுரைக்குக் கூட்டிட்டுப் போனப்ப டாக்டரம்மா, இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் இல்ல, பகல்ல வெளிய விடாம வளத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. தாயும் போய்ச் சேந்த பிறகு, அண்ணாச்சி சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி தச்சு மாட்டி, பாடப் புத்தகத்த வீட்டுக்குக் கொண்டாந்து, அந்தப் பிள்ளைய உள்ளயே வச்சு வளத்தாக. பருத்தி மண்டியில கணக்குப் பாத்துட்டு அவுக வீடு திரும்ப ராத்திரி ஆயிரும், அதுக்கு மேலதான் அப்பாவும் மகளும் தெருவுல ஒரு நடை போவாக. அந்நேரம் கடையெல்லாம் மூடிக் கெடக்கும், கதவெல்லாம் சாத்திக் கெடக்கும், உள்ள டிவி ஓடும். ஒரே தெருவுல இருந்தும் அந்தப் பிள்ளைக்கு எங்க குரல் தெரியும், மொகம் தெரியாது.

வளர வளர ரூமு பல்பு வெளிச்சம்கூட கண்ணு கூசுதுன்னு சொல்லவும்தான் அண்ணாச்சி டிம்மர் வாங்கியாந்தாக. பூட்டுனவன் எலெக்ட்ரீசியன் ராயப்பன். வேலை தெரிஞ்சவன்தான், ஆனா தனக்குத் தெரியும்கிறது அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாத் தெரியும். பூட்டி முடிச்சு, "திருகிப் பாரு தாயி"ன்னான். மேகலா திருகுச்சு. பல்பு அசையாம எரிஞ்சுச்சு. வெளிய, உச்சி மத்தியானத்துல, என் மாடியில வடகத் துணி மேல கெடந்த வெயில் கொஞ்சங்கொஞ்சமா எறங்கி, பொழுது சாயிற நேரத்து வெயிலா ஆகி, அப்படியே நின்னுச்சு. அண்ணாந்து பாத்தேன், மேகம் இல்ல. சூரியன் எடத்துலதான் இருந்துச்சு, நேராப் பாக்குற மாதிரி இருந்துச்சு.

அடிகுழாய்ல ஆரம்பிச்சு மாவு மில்லு வரைக்கும்தான் அந்த மங்கல். அதத் தாண்டி ஒரு அடி வச்சா பழைய வெயில் மண்டையப் பொளக்கும். ரெண்டு வெளிச்சமும் சந்திக்கிற எடத்துல தரையில கோடு போட்டாப்ல இருக்கும். கரண்டு ஆபீசுக்குப் போயி கேட்டோம். "வீட்டுல பல்பு எரியுதுல்ல, எரியுதுன்னா எங்க வேலை முடிஞ்சிருச்சு, வெயில் எங்க லைன் இல்ல"ன்னுட்டாங்க. அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு, திரும்பி வந்துட்டோம்.

அப்புறம் பழகிருச்சு. எதுதான் பழகல. காலையில என் வடகம் காயிற வரைக்கும் முழு வெயில், துணி துவைக்கிறவுக துணி காயிற வரைக்கும் முழு வெயில், அதுக்குமேல மேகலா திருகி எறக்கிட்டு, வாசல் கதவத் தெறந்து, வெறுங்கையும் வெறுந்தலையுமா வெளிய வந்து நிக்கும். அந்த மங்கல்ல கோழிக அடைய ஏறிட்டு மறுபடி எறங்கத் தெரியாம முழிக்கும், அடுத்த தெரு நாய்கள்லாம் இங்க வந்து படுத்துக்கும், தள்ளுவண்டிக்காரங்க வண்டிய ஓரங்கட்டிட்டு ஒரு தூக்கம் போடுவாங்க, பொண்ணு பாக்க வர்றவுகளுக்கு பொண்ணோட நிறம் எடுப்பாத் தெரியணும்னு ரெண்டு பொண்ணு வீட்டுக்காரங்க அண்ணாச்சிகிட்ட வந்து சொல்லி வச்சு வெயில எறக்கிக்கிட்டாங்க, ஒரு சாவு எடுத்த அன்னிக்கு யாரும் சொல்லாமலே மேகலா எறக்கி வச்சுச்சு. கோயில் பூசாரி மட்டும், வெளிச்சம் எப்படியும் போகட்டும், நான் கடிகாரம் பாத்துத்தான் மணி அடிப்பேன்னு நின்னாரு. மாடியில சோலார் பலகை போட்ட வாத்தியார் வாரத்துக்கொருக்கா வந்து சத்தம் போட்டுட்டு, மேகலா குடுக்குற காப்பியக் குடிச்சிட்டுப் போயிருவாரு. நானும் சத்தம் போட்டவதான். மோர் மிளகாய்க்கு ஒரு நாள் வெயில் கொறஞ்சா நாறிப்போகும், எனக்கு என் பொழப்பு. ஆனா அது வாசல்ல வந்து நின்னு, "பேச்சியத்தை, உங்க மூக்குத்தி சிவப்புக்கல்லா? நான் வெள்ளைன்னு நெனச்சிருந்தேன்"னு கேட்ட அன்னிக்கு சத்தம் போடுறத விட்டுட்டேன். எத்தனை வருசமா பக்கத்து வீடு.

கொஞ்ச நாள்ல மேகலா மாவு மில்லுக்கு முந்தி இருக்கிற சிக்கந்தர் பாய் தையக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சுச்சு. முதல்ல கொக்கி தச்சுச்சு, அப்புறம் மிசின்ல உக்காந்துச்சு. பாய் யாரையும் லேசுல பாராட்டுற ஆளில்ல, அவரே, "கைத் தையல் சுத்தமா இருக்கு"ன்னு சொன்னாரு. கடை வாசல்ல போறவுக வர்றவுகளையெல்லாம் அந்தப் பிள்ள தலைய நிமித்தி நிமித்திப் பாக்கும். பாக்குறதுல அப்படி ஒரு ஆசை அதுக்கு. மாசாமாசம் பராமரிப்புன்னு கரண்ட நிறுத்துவாங்களே, அன்னிக்கும் திருகு வேலை செஞ்சுச்சு. அதனால வெயிலுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்ல, பெட்டிக்கும் வானத்துக்கும் நேரா ஏதோ இருக்குன்னு நாங்களே முடிவு கட்டிக்கிட்டோம்.

பெட்டி சூடாக ஆரம்பிச்சது பங்குனியில. முதல்ல ரீங்னு ஒரு சத்தம், வண்டு அடைஞ்ச மாதிரி. அப்புறம் திருகு தொட்டாச் சுட்டுச்சு. அப்புறம் வெள்ளைப் பெட்டி ஓரம் பழுப்பேறி, ரூமெல்லாம் பிளாஸ்டிக் கருகுன வாடை. அண்ணாச்சி அதப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தாக. ஒரு நாள் சன்னல்ல தொங்குன கறுப்புத் துணி நுனி பெட்டிமேல உரசி, பொகைஞ்சு, பிள்ள கத்தி நான் ஓடிப்போய்த் துணியப் பிச்சு மிதிச்சு அணைச்சேன். அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல.

"அண்ணாச்சி, ராயப்பனக் கூப்பிட்டு இத மாத்துங்க. பிள்ள தூங்குறது இதுக்கு அடியில."

அண்ணாச்சி கட்டில்ல உக்காந்து தரையப் பாத்தாக. "மாத்திட்டா?"ன்னாக. "புதுசு பல்ப மட்டும் கொறைக்கிற புதுசா இருந்துட்டா? எம்மக மறுபடியும் இந்த நாலு சுவத்துக்குள்ளதானம்மா. நீங்கள்லாம் அவ பேர் தெரிஞ்சு கூப்பிடுறீக, அவ தலையாட்டுறா. அத நான் எப்படிப் பிடுங்குவேன்?"

தீப்பிடிச்சுச் சாகணுமாம், இல்லன்னா உசிரோட அடைஞ்சு கெடக்கணுமாம், என்னடா பொழப்பு இதுன்னு எனக்கு ஆயிருச்சு. மேகலாதான் அடுப்படியில இருந்து வந்து சொல்லுச்சு, "மாத்திரலாம்பா. எனக்கு ராத்திரியெல்லாம் அந்த வாடையில தூக்கம் வரல. பயமா இருக்கு."

எப்ப மாத்துறதுன்னு தெருவே கூடிப் பேசுச்சு. ராத்திரியில மாத்துனா, சூரியன் வருமா வராதான்னு விடியிற வரைக்கும் தெரியாம உக்காந்திருக்கணும், அதுக்கு யாருக்கும் திராணியில்ல. பகல்லயே, ராகு காலம் கழிச்சு, எல்லாரும் பாக்க மாத்துறதுன்னு ஆச்சு. ஒருவேளை இருட்டிட்டா என்ன பண்றதுன்னு டார்ச்சும் மெழுகுவத்தியும் எடுத்து வச்சோம், கோழிகளக் கூடையில கவுத்தோம், சின்னப் பிள்ளைகள உள்ள விட்டுக் கதவச் சாத்தினோம், நான் வடகத்த அள்ளிக்கிட்டேன். மேகலா கட்டில் ஓரத்துல உக்காந்து, தைய மிசின் எண்ணெய் பட்ட தன் கையையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

ராயப்பன் மீட்டர் பலகைக்குப் போயி மெயின எறக்கினான். ஃபேன் நின்னுச்சு, ஃபிரிட்ஜ் அடங்குச்சு. வெயில் அப்படியே இருந்துச்சு. தெருவே ஒரு மூச்சு விட்டுச்சு, வெளிய யாரோ சிரிச்சாங்க, நான்கூட வடகத் துணிய மறுபடி விரிச்சிட்டு வந்தேன். ராயப்பனுக்கு மொகம் கொள்ளாத பெருமை. "நான்தான் சொன்னேன்ல, வெயிலுக்கு என்னத்துக்கு கரண்டு. மெயின் போயிருச்சு, இனி இது வெறும் டப்பா"ன்னு சொல்லிக்கிட்டே மூடியக் கழட்டி, உள்ள விரல விடப் போனான்.

"அண்ணே, டெஸ்டர் வைங்க"ன்னு மேகலா சொல்லுச்சு.

"மெயின் எறக்கியாச்சு தாயி."

"கரண்டு போற அன்னிக்கும் இந்தத் திருகு வேலை செய்யுதுண்ணே. அன்னிக்கும் ரீங்குன்னுதான் சத்தம் வரும். பக்கத்துலயே படுத்துக் கெடக்கேன், எனக்குத் தெரியும். சத்தம் இப்பவும் நிக்கல, கேளுங்க."

எல்லாரும் சும்மா நின்னு கேட்டோம். ரீங்குன்னுதான் இருந்துச்சு. ராயப்பன் சட்டைப்பையில இருந்த டெஸ்டர எடுத்து ஒத்தைக் கையால வச்சான், செவப்பா எரிஞ்சுச்சு. அவன் மொகம் வெளுத்ததப் பாத்தேன். அப்பத்தான் அவனுக்கே நெனப்பு வந்துச்சு: பிள்ளைக்குக் கரண்டு போற நேரத்துல வெளிச்சம் வேணுமேன்னு, அவனேதான் இந்தப் பெட்டிக்கு இன்வெர்ட்டர்ல இருந்து வயர் இழுத்திருக்கான். மெயின எறக்குனா தெருக் கம்பியில வர்ற கரண்டுதான் நிக்கும், பின்கட்டுல பேட்டரி பாட்டுக்கு ஊட்டிக்கிட்டே இருக்கும். எங்க தெருவுல பாதி வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு, ஒருத்தருக்கும் அது தோணல. நான் அவனத் திட்ட வாயெடுத்தேன், அதுக்குள்ள அவனே தன் தலையில அடிச்சுக்கிட்டான்.

அண்ணாச்சியே பின்கட்டுக்குப் போயி இன்வெர்ட்டர அணைச்சாக, ராயப்பன் பேட்டரி வயரையும் கழட்டினான்.

வெயில் போச்சு. சாயல, மங்கல, அப்படியே போச்சு. வானம் கறுத்து, மாடி கறுத்து, எதிர்வீட்டுச் சுவர் கறுத்து, ரெண்டு முனையிலயும் அடுத்த தெரு மத்தியானம் மட்டும் வாசல்ல மாட்டுன வெள்ளை வேட்டி மாதிரித் தொங்குச்சு. கூடைக்குள்ள ஒரு கோழி கொக்கரிச்சு அடங்குச்சு. ராயப்பன் மறுபடி டெஸ்டர் வச்சான், எரியல. வேற ஒரு எடத்துலயும் வச்சுப் பாத்தான், எரியல. "இப்பத்தான் கை வைக்கலாம்"னு சின்னக் குரல்ல சொன்னான்.

நான் டார்ச்சுப் பிடிச்சேன். அவன் ஸ்க்ரூவக் கழட்டி, பழைய டிம்மர வெளிய இழுத்து, எந்த வயர் எங்க இருந்துச்சுன்னு மறக்காம ஒண்ணுல டேப்பச் சுத்தி, கருகுன நுனிய நறுக்கி எறிஞ்சிட்டு, புதுசாத் தோலுரிச்சு, செம்பு பளபளன்னு வர்ற வரைக்கும் பாத்து, புதுசுல சொருகி, முறுக்கி, இழுத்து இழுத்துப் பாத்தான். பழசக் கையில வாங்கினேன், இன்னும் சுட்டுச்சு. நிமிந்து பாத்தா மேகலாவக் காணோம்.

வாசலுக்கு ஓடினேன். அந்தப் பிள்ள இருட்டுல தெரு நடுவுல நடந்து போயிக்கிட்டிருந்துச்சு. செருப்பில்லாம, துப்பட்டா இல்லாம, கைய ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு. அது பக்கத்துல வர வர, கண்ணு கூசுமேன்னு ஒவ்வொரு வாசல்லயும் டார்ச்ச அணைச்சாங்க, மெழுகுவத்திய ஊதினாங்க, யாரும் சொல்லித் தரல. மில்லு வரைக்கும் போயி, அடுத்த தெரு வெயில் நிக்கிற கோட்டுக்கு முன்னால நின்னுச்சு. அந்தப் பக்கம் கூட்டம், இந்தப் பக்கம் இது ஒத்தையா. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு, இருட்டுல யாருக்குத் தெரியப் போகுதுன்னு அழுதேன்.

உள்ள ராயப்பன் மூடியப் பூட்டிட்டு, "முடிஞ்சுது. பேட்டரிய மாட்டட்டா?"ன்னான்.

அண்ணாச்சி பின்கட்டு வாசல்ல, இன்வெர்ட்டர மறைச்சுக்கிட்டு நின்னாக. "மாட்டாத"ன்னாக. "இப்படியே இருக்கட்டும். எம்மக நடந்துட்டு வாரா, நீங்க பாத்தீகள்ல. மேல ஒண்ணு படல. இப்படியே இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கெல்லாம் வேற தெரு இருக்கு. அவளுக்கு இது ஒண்ணுதான்."

என்னன்னு சொல்ல? என் மாடியில வடகம் ஈரமாக் கெடக்கு, என் பொழப்பே அதுலதான், வாத்தியார் பின்னால நிக்கிறாரு, பூசாரி நிக்கிறாரு, பாய் நிக்கிறாரு. அந்த மனுசன் கேட்டது தப்புன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரல, சரின்னு சொல்லவும் வரல.

மேகலா வந்து வாசப்படியில நின்னுச்சு. காலெல்லாம் தெருப் புழுதி.

"அப்பா, மாட்டச் சொல்லுங்க."

"வேண்டாம்மா. நீ வெளிய போயிட்டு வந்தியா? வலிச்சுச்சா?"

"வலிக்கலப்பா. ஆனா யாரும் தெரியல. எல்லாரும் வாசல்ல இருந்தாங்க, மூச்சு கேட்டுச்சு, ஒரு மொகம் தெரியல. முன்ன ராத்திரியில நீங்க கூட்டிட்டுப் போவீங்கள்ல, அதே மாதிரி இருந்துச்சு. இந்தத் தெருவு முழுக்க என் ரூமு மாதிரி ஆகிருச்சுப்பா. எனக்கு இது வேண்டாம்."

அண்ணாச்சி நகரல. மேகலா போயி அவுக தோளப் பிடிச்சு மெதுவா ஒதுக்கிட்டு, ராயப்பன்கிட்ட, "மாட்டுங்கண்ணே"ன்னுச்சு. அப்புறம் தானே உள்ரூமுக்குப் போயி, கறுப்புத் துணிய இழுத்து விட்டுட்டு, கதவச் சாத்திக்கிட்டு, உள்ள இருந்து, "ம்"னுச்சு.

வெயில் வந்துச்சு. முழுசா, பங்குனி மத்தியானத்துக்கு எவ்வளவோ அவ்வளவும். எல்லாரும் கண்ண மூடிக்கிட்டோம். கதவுக்கு அந்தப் பக்கம் திருகுற சத்தம் கேட்டுச்சு, இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். தெருவுல வெயில் அசையல. கதவுக்கு அடியில தெரிஞ்ச பல்பு வெளிச்சம் மட்டும் கொறைஞ்சு கூடுச்சு. நல்ல டிம்மர், அட்டையில என்ன போட்டிருந்துச்சோ அதத்தான் செஞ்சுச்சு. பழசத் திரும்ப மாட்டிப் பாருடான்னு நானே ராயப்பனக் கெஞ்சினேன். அவன் அதப் பிரிச்சுக் காட்டினான், உள்ள எல்லாம் கரி.

அதுக்கப்புறம் மேகலா கதவத் தெறக்கவே இல்ல. அண்ணாச்சி ராத்திரி நடைக்குக் கூப்பிட்டாலும் வரல. நான் சன்னலுக்கு வெளிய நின்னு பேசுவேன், உள்ள இருந்து உம் கொட்டும். என் வடகம் நல்லாக் காஞ்சுச்சு, அதப் பாக்க எனக்கு எரிச்சலா வந்துச்சு. வாத்தியார் சோலார் நெறைய ஓடுது, காப்பி குடுக்க ஆளில்லன்னு அவரும் தொங்கின மொகத்தோட திரிஞ்சாரு.

முதல்ல ஆரம்பிச்சது சிக்கந்தர் பாய்தான். ஒரு நாள் காலையில கடையே தெறக்கல. மத்தியானமும் தெறக்கல. ஒடம்புக்கு என்னவோன்னு போயிப் பாத்தேன், வீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்காரு. "வெயில்ல துணி நிறம் சரியாத் தெரியமாட்டேங்குது, இனிமே பொழுது சாஞ்சுதான் கடை"ன்னாரு. எத்தனை வருசமா வெயில்ல தெரிஞ்ச நிறம் அவருக்கு அன்னிக்குத் தெரியல. நானும் சரிதான்னு சொல்லிட்டு, மாவு மில்லுக்காரன்கிட்ட போனேன். "பகல்ல மில்லு சத்தத்துல எனக்குத் தலைவலி, அந்திக்கு மேல ஓட்டுனா நான் அங்கதான் அரைப்பேன், இல்லன்னா வேற மில்லு பாத்துக்குவேன்"னு போட்டேன் ஒரு போடு. அவன் என் மொகத்தப் பாத்தான், மில்லப் பூட்டினான். தள்ளுவண்டிக்காரங்க, பூக்காரி, பால்காரரு, ஒவ்வொருத்தருக்கும் அன்னிக்கு ஏதோ ஒரு சாக்கு கெடச்சுச்சு. வாத்தியார் தன் ட்யூசன் பிள்ளைகள, பகல் சூட்டுல மண்டையில ஏறாதுன்னு பொழுது விழுந்து வரச் சொல்லிட்டாரு. நான் அப்பளக் கட்ட எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்தேன்.

சூரியன் தானா எறங்குச்சு. யாரும் திருகல. வானத்துல செவப்பு போயி, சாம்பல் நிறம் வந்து, ஆள் மொகம் இன்னும் நல்லாத் தெரியிற அந்த நேரத்துல, பாய் கடைக் கதவ மேல தூக்குனாரு. மில்லு ஓட ஆரம்பிச்சுச்சு. பூக்காரி சத்தம் குடுத்தா. பாய் கடை வாசல்ல நின்னுக்கிட்டே, தெரு முழுக்கக் கேக்குற மாதிரி, "அந்த மேகலாப் பிள்ள வேலைக்கு வருமா வராதா? ரவிக்கை பத்து கெடக்கு, கொக்கி யாரு வைக்கிறது? வராட்டி வேற ஆள் பாத்துக்குவேன்"னு கத்தினாரு.

அண்ணாச்சி அன்னிக்கு மண்டிக்கே போகல, வாசல்ல கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. அப்புறம் உள்ரூமுக் கதவு தெறக்குற சத்தம் கேட்டுச்சு. மேகலா எறங்கி வந்துச்சு. அழுது வீங்குன கண்ணு. தெருவப் பாத்துச்சு, கடைகளப் பாத்துச்சு, என்னமோ தப்பான நேரத்துக்கு வந்துட்ட மாதிரி நின்னுச்சு.

"என்னத்தை, எல்லாரும் இந்நேரத்துல?"ன்னு எங்கிட்டக் கேட்டுச்சு.

"இப்பத்தான் விடிஞ்சுச்சு"ன்னேன். "போ, பாய் கத்துறாரு."

அது ஒரு வீடு விடாம, ஒரு வாசல் விடாம, நின்னு நின்னு எல்லாரு மொகத்தையும் பாத்துக்கிட்டே வேலைக்குப் போச்சு.